நாகர்கோவிலுக்கு ஓர் அதிரடிக் குழு: முழுநேரமா, பகுதிநேரமா, மணிமுத்தாறா?

2019-இல் மாநகராட்சியான ஊருக்குச் சொந்தமாக, துப்பாக்கியோடு வருபவர்களை எதிர்கொள்ளத் தனிப்பயிற்சி பெற்ற ஒரு போலீஸ் அதிரடிக் குழு வேண்டாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் அடிக்கடி வரும். சித்தப்பா போலீஸ் ஆயுதப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், அதனால்தான். வழிகள் மூன்று. இதற்கென்றே முழுநேரக் குழு ஒன்று. ஆயுதப்படையிலும் ஸ்டேஷன்களிலும் இருப்பவர்களையே பொறுக்கியெடுத்து, வேண்டும்போது கூட்டும் பகுதிநேரக் குழு இன்னொன்று. ரெண்டும் வேண்டாம், வெளியிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம் என்பது மூன்றாவது.

மூன்றாவதை முதலிலேயே முடித்துவிடலாம். நெல்லை மாவட்டத்து மணிமுத்தாறில் சிறப்புக் காவல்படை இருக்கிறது. சென்னையில் மாநிலக் கமாண்டோ படையும், தேசியப் பாதுகாப்புப் படையின் கிளையும் இருக்கின்றன. நல்ல ஆட்கள்தான். ஆனால் சென்னை இங்கிருந்து 700 கிலோமீட்டர். மணிமுத்தாறு வண்டியும் வள்ளியூர், ஆரல்வாய்மொழி தாண்டித்தான் வரவேண்டும். 2008-இல் மும்பையில் இரவு தொடங்கிய தாக்குதலுக்கு டெல்லிக்குப் பக்கத்து மானேசரில் இருந்து கிளம்பிய தேசியப் பாதுகாப்புப் படை மறுநாள் காலையில்தான் களத்தில் இறங்க முடிந்தது. சென்னைக் கிளை வந்ததே அதற்குப் பிறகுதான். அவர்கள் வந்து சேரும்வரை யார் நிற்பது? அதற்கும் உள்ளூர் ஆள்தான் வேண்டும்.

முழுநேரக் குழுவுக்குக் கணக்கு போட்டுப் பார்த்தேன். எந்நேரமும் எட்டுப் பேர் தயாராக இருக்க, மூன்று ஷிப்டுக்கு 24 பேர். வார விடுமுறை, மருத்துவ விடுப்பு, பயிற்சி எல்லாம் சேர்த்தால் முப்பதைத் தாண்டும். 2021-இல் காவலர்களுக்கு வார விடுமுறை தர ஆணை வந்த பிறகு இதில் கைவைக்கவும் முடியாது; வைக்கவும் கூடாது. சரி, முப்பது பேரைக் கொடுத்தே விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மண்டைக்காடு கொடைக்கு பந்தோபஸ்து, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு பந்தோபஸ்து, அப்புறம் மந்திரி வருகை. "சும்மா இருக்கவனப் பாத்தா ஆபீசருக்குக் கை துறுதுறுக்கும் மக்களே" என்பார் சித்தப்பா. ஆறு மாதத்தில் குழு பேருக்குத்தான் முழுநேரமாக இருக்கும்.

அதனால் என் ஓட்டு பகுதிநேரக் குழுவுக்கு, ஒரு நிபந்தனையோடு. அமெரிக்காவில் சின்ன ஊர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சமாளிக்கின்றன. அங்கே இத்தகைய குழுவுக்குச் சொல்லப்படும் குறைந்தபட்சப் பயிற்சி மாதம் 16 மணி நேரம், அதாவது இரண்டு முழுநாள். அந்த இரண்டு நாளில் எந்த பந்தோபஸ்துக்கும் ஆளை இழுக்கக்கூடாது என்று எஸ்.பி. எழுத்தில் தரவேண்டும். அது கிடைக்காது என்றால் குழுவே வேண்டாம். கூட்டிப் பயிற்சி தராத இருபது பேர் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனால், ஒருவர் துப்பாக்கி முனை இன்னொருவர் முதுகில் இருக்கும்.

சாமான் விஷயத்துக்கு வருவோம். எல்லோரும் முதலில் கேட்பது கவச வண்டி. கோட்டாறு கடைத்தெருவில் சாயங்காலம் ஆட்டோவே தவழ்ந்துதான் போகிறது. விவேகானந்தர் பாறையில் ஏதாவது ஆனால் கவச வண்டியைக் கரையில் நிறுத்திவிட்டுப் படகைத்தான் தேடவேண்டும். 2024 கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலமும் பாறையை வள்ளுவர் சிலையோடு இணைக்கிறதே தவிரக் கரையோடு இல்லை. எனவே இரண்டு பொலேரோவும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தோடு சேர்ந்து படகுப் பயிற்சியும் போதும்.

துப்பாக்கியில் இன்சாஸ் என்ற நீளத் துப்பாக்கியா, எம்.பி.5 என்ற சின்ன இயந்திரத் துப்பாக்கியா? இன்சாஸ் 96 சென்டிமீட்டர் நீளம். சந்துக்குள்ளும் மாடிப்படியிலும் திரும்பும்போது இடிக்கும். எம்.பி.5 ஒரு சாணுக்கு மேல் குட்டை. ஆனால் அதன் 9 மி.மீ. குண்டு தூரத்துக்கு உதவாது. இருக்கிற இன்சாஸை வைத்துக்கொண்டு, முன்னால் போகும் மூன்று நான்கு பேருக்கு மட்டும் எம்.பி.5 தந்தால் போதும். மிச்சக் காசில் பயிற்சிக்கு ரவுண்டு வாங்கலாம்.

காசை நான் தாராளமாக விடுவது குண்டு துளைக்காத ஜாக்கெட்டில். பழைய இரும்புத் தகடு ஜாக்கெட் பத்துக் கிலோவுக்கு மேல். மே மாதம் கேரள எல்லையில் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் அதை மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் பாரா நின்றால் பனியனைப் பிழியலாம். பிறகு அது நாற்காலி முதுகில் தொங்கும். நாற்காலிக்கு நல்ல பாதுகாப்பு. 2018-இல் வந்த ஐ.எஸ். 17051 என்ற இந்தியத் தரத்தில், எந்தக் குண்டுக்கு எந்தப் பாதுகாப்பு நிலை என்று பார்த்து, எடை குறைந்ததாக வாங்கவேண்டும்.

ஜாக்கெட் முதலில் யாருக்கு என்பதில் மட்டும் சித்தப்பாவோடு எனக்கு விவாதமே இல்லை. 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனை நடந்து வந்த இரண்டு பேர் சுட்டுக்கொன்றார்கள். நாகர்கோவிலில் எப்பேர்ப்பட்ட குழு தயாராக இருந்திருந்தாலும் வண்டி பார்வதிபுரம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். புது ஜாக்கெட் வரும்போது முதல் கட்டைப் பிரிப்பது சாவடியில்தான். குழு அடுத்த லோடுக்குக் காத்திருக்கட்டும்.