காஞ்சிபுரம் சங்கத்துக் கடையில எடுத்த கோர்வைப் பட்டு, மூணு தடவ கட்டிட்டு எழுதுறேன்

தங்கச்சி கல்யாணத்துக்கு காஞ்சிபுரத்துல ஒரு நெசவாளர் கூட்டுறவு சங்கத்துக் கடையில அரக்கு உடம்பு, பச்சைக் கரை போட்ட கோர்வைப் புடவை எடுத்தேன், 24,000 ரூபா ஆச்சு. கோர்வைன்னா உடம்பையும் கரையையும் தனித்தனி நூல்ல நெய்து, தறியிலயே ஒண்ணோட ஒண்ணு கோத்துச் சேக்குறது. மூணு விசேஷத்துக்குக் கட்டியாச்சு.

நல்ல கனம், ஆனா கட்டுனா உடம்போட உக்காந்துக்குது, மடிப்பு வச்சது வச்ச மாதிரியே நிக்குது. கரையும் உடம்பும் சேர்ற இடத்துல ரம்பப்பல்லு மாதிரி ஒரு வரி ஓடுது பாருங்க, நான் குடுத்த காசு அதுக்குத்தான். ரெண்டு பக்கமும் தடவிப் பாத்துட்டேன், எங்கயும் நூல் பிரியல.

இந்த வரி எப்படி வருதுன்னு கடையில இருந்த அண்ணன்கிட்ட கேட்டதுக்கு, "தறியவே பாத்துடுங்கம்மா"ன்னு பிள்ளையார்பாளையத்துல ஒரு மெம்பர் வீட்டுக்கு அனுப்பி வச்சாரு. குழித்தறி, நெய்யுறவர் காலத் தொங்கப் போட தரையில குழி வெட்டுனது. வீட்டுக்காரர் தறியில உக்காந்து நெய்யுறாரு, வலது பக்கம் அவர் சம்சாரம் உக்காந்து அந்தப் பக்கத்துக் கரைக்குத் தனியா நாடா போடுறாங்க. நாடான்னா ஊடைய, அதாவது குறுக்கு நூல, கொண்டு போற கட்டை. மொத்தம் மூணு நாடா, ரெண்டு கரைக்கு ரெண்டு, உடம்புக்கு ஒண்ணு, ஒருத்தர் கை அந்தப் பக்கம் எட்டவே எட்டாது, அதனால ஒவ்வொரு ஊடை இழைக்கும் ரெண்டு பேரும் சேந்துதான் போட்டாகணும். நடுவுல அந்த அக்கா அடுப்பப் பாக்க எந்திரிச்சுப் போனாங்க, அவர் நாடாவ கையில வச்சுக்கிட்டு அப்படியே காத்திருந்தாரு. எனக்கு அந்தக் காட்சிதான் மனசுல நிக்குது.

மறுநாள் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வரச் சொன்னாங்க, போனா தெரு நீளத்துக்குப் பாவு, அதான் தறியில ஏத்துற நெடுக்கு நூல், கட்டியிருக்கு, ரெண்டு பக்கமும் ஆள் நின்னு கஞ்சி போட்டு, இழைய பிரிச்சு விட்டு, அறுந்தத முடிஞ்சுக்கிட்டு இருக்காங்க. அது இவங்க பாவே இல்ல, எதிர் வீட்டுது. "எங்களுதுக்கு அவங்க வருவாங்கம்மா, தனியாளா இத எப்படி இழுக்கிறது"ன்னு அக்கா சொன்னாங்க.

சங்கமும் கிட்டத்தட்ட அப்படித்தான். பட்டு நூலும் ஜரிகையும் சங்கம் குடுக்கும், நெய்து குடுத்தா கூலி, மெம்பருங்கதான் ஓனரு. 1935ல ஆரம்பிச்ச கோ-ஆப்டெக்ஸ் இந்த மாதிரி சங்கங்கள் நெய்யுறத விக்கிறதுக்கு வந்ததுதான். தனியா நெய்யுறவருக்கு நூல் வாங்கவே கடன் வாங்கணும்.

குறைன்னா, கலர் கம்மி. இளசுங்க கேக்குற பேஸ்டல் கலரெல்லாம் ரெண்டு மூணுதான் இருந்துச்சு. ஜாக்கெட் துணியில கரை சின்னது, கைக்கு மட்டும்தான் வந்துச்சு. பேரம் கிடையாது, தள்ளுபடி வேணும்னா தீபாவளி சமயத்துல போங்க. காஞ்சிப் பட்டுக்கு 2005-06லயே புவிசார் குறியீடு கிடைச்சும் பவர்லூம் புடவைய அந்தப் பேருல தள்ளிவிடுறவங்க இருக்காங்க, அதனால பில்லும் சில்க் மார்க்கும் இல்லாம எங்கயும் வாங்காதீங்க.

இன்னொண்ணு, கோர்வைதான் வேணும்னு கேட்டு வாங்குங்க. வலது பக்கம் உக்கார ஆள் கிடைக்கிறதில்ல, பசங்க ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்னு கம்பெனிக்குப் போயிடுறாங்க, வீட்டுல ரெண்டு பேர் இருந்தாதான் இது நடக்குது, அந்த ரெண்டு பேருக்கும் சேத்துக் கூலி கட்டுபடியாகணும்ல.

எங்க அக்கா பொண்ணுக்கு மாசியில கல்யாணம். மயில்கழுத்துக் கலர்ல கோர்வை வந்தா எடுத்து வைங்கன்னு கடைக்கு போன் பண்ணிச் சொல்லியாச்சு.