இருபது கணினி உள்ள அலுவலகத்துக்கு எந்த அப்டேட் முறை?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கணக்காய்வு அலுவலகம் ஒன்றில் ஏப்ரல் மாதக் காலை. வருமானவரிப் படிவங்கள் மேசையில் குவிந்திருக்க, கிராணியின் திரையில் வட்டம் சுற்றுகிறது: "கணினியை அணைக்க வேண்டாம்." மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திர அப்டேட்டை அமெரிக்காவில் இரண்டாம் செவ்வாய் காலை வெளியிடுகிறது. மலேசியாவில் நமக்கு அது புதன் பின்னிரவு 1 அல்லது 2 மணி. அலுவலகம் திறக்கும்போது வந்து நிற்கும்.

அடியோடு நிறுத்திவைக்கவும் முடியாது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாகிரை என்ற தீநிரல் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள்தாம் மாட்டினார்கள்.

முதல் வழி, டபிள்யூ.எஸ்.யூ.எஸ். என்ற சர்வர் முறை. அலுவலக சர்வர் ஒருமுறை இறக்கிக்கொண்டு எல்லாக் கணினிகளுக்கும் கொடுக்கும். நிர்வாகி ஒப்புதல் தராமல் எதுவும் போகாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது யானை வளர்க்கும் வேலை. காலாவதியான அப்டேட்டுகளை அவ்வப்போது கழிக்காவிட்டால் டேட்டாபேஸ் வீங்கி, நிர்வாகத் திரையே திறக்காது. பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர்களையும் சேர்த்து இறக்கச் சொல்லிவிட்டால் வட்டில் இடம் மிஞ்சாது. இதில் இனிப் புதிய வசதிகள் வராது என்று 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டே அறிவித்துவிட்டது. 2025 அக்டோபரில் இந்த சர்வரிலேயே பெரிய பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, அவசரத் திருத்தம் வந்தது. முழுநேரக் கணினி ஆள் இல்லாத இடத்தில் இதைப் புதிதாக நிறுவச் சொல்ல எனக்கு மனம் வராது.

இரண்டாவது, கணினி எப்படி நடக்கவேண்டும் என்று விதி போட்டுவைக்க விண்டோஸிலேயே உள்ள குரூப் பாலிசி. தனிச் செலவு கிடையாது. மாதாந்திர அப்டேட்டை 30 நாள் வரையிலும், பெரிய பதிப்பு மாற்றத்தை 365 நாள் வரையிலும் தள்ளிவைக்கலாம். இரண்டு கணினிகளுக்கு உடனே விடுங்கள். மற்றவற்றுக்கு 7 நாள். அந்த இரண்டில் ஒன்றிலாவது கணக்கு மென்பொருளும், சீண்டினாலே கோளாறு செய்யும் அந்தப் பழைய பிரிண்டரும் இருக்கவேண்டும். ஒன்றும் ஓடாத கணினியில் சோதித்து என்ன பயன்? ஒரு கணினி இறக்கியதை அடுத்தது அதனிடமிருந்தே வாங்கிக்கொள்வதால் இணைய இணைப்பும் திணறாது. குறை இரண்டு. எந்தக் கணினி பின்தங்கியது என்று காட்டும் அறிக்கை கிடையாது, நடந்துபோய்த்தான் பார்க்கவேண்டும். ஹோம் பதிப்பில் இது வேலை செய்யாது. லோயாட் பிளாசாவில் மடிக்கணினி வாங்கும் முதலாளிகள் விலையோடு பதிப்பையும் கேட்டு வாங்கினால் நல்லது.

மூன்றாவது, இணையம் வழியாகக் கணினிகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் இன்ட்யூன் சேவை. ஆளுக்கு மாதச் சந்தா. கிள்ளானிலும் சிரம்பானிலும் வாடிக்கையாளர் இடத்தில் உட்கார்ந்து தணிக்கை செய்யும் பணியாளர்களின் மடிக்கணினிகளை இது எட்டும், அறிக்கையும் தரும். மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் சந்தா இருந்தால் அதற்குள்ளேயே இது அடக்கம், தனியாக யோசிக்கவேண்டியதில்லை.

எல்லோரும் அலுவலகத்திலேயே வேலை செய்தால் இரண்டாவதுதான் என் தேர்வு. குரோம் போன்றவற்றை அது கவனிக்காது. அவற்றுக்கு, மென்பொருள்களைப் புதுப்பிக்கும் விண்டோஸின் விங்கெட் கட்டளை போதும். கணக்கு மென்பொருளை மட்டும் தரவைப் படியெடுத்த பிறகு கையாலேயே புதுப்பியுங்கள்.

வரிப் படிவங்கள் குவியும் ஏப்ரலுக்கு மட்டும் அந்த 7 நாளுக்குப் பதில் வேறு கணக்கு. 14 நாள் தள்ளினால் அப்டேட் 23க்கும் 29க்கும் இடையே, சரியாக நெருக்கடி நேரத்தில் வந்து விழும். 21 என்று வையுங்கள், 30ஆம் தேதிக்கு முன் வராது. இடையில் அவசரத் திருத்தம் வந்தால் மட்டும் அன்று மாலையே கையால் போட்டுவிடுங்கள்.