12 பவுண்டு நெம்புச் செட்டும் பக்கத்து வீட்டு ஜாகுவாரும்

கார் உள்புறப் பேனல்களைக் கழற்றுவதற்கென்று விற்கிற நைலான் நெம்புகள், 11 கொண்ட செட், ஆன்லைனில் 12 பவுண்டுக்கு வாங்கினேன். ‘எல்லாக் கார்களுக்கும் பொருந்தும்’ என்று உறையில் போட்டிருக்கிறது. எல்லா என்றால் எதுவரை என்று 1967-ஆம் ஆண்டு காரில் தெரிந்துகொண்டேன்.

கார் என்னுடையது அல்ல. காவன்ட்ரியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருடைய ஜாகுவார் ஈ-டைப், 4.2 லிட்டர். அது பிறந்த பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையும் இதே ஊரில்தான் இருந்தது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்டது. உள்ளே பார்க்க வேண்டுமானால் கதவுப் பேனலை எடுத்தாக வேண்டும். அவருக்கு விரல்களில் மூட்டுவலி; வேலை என் தலையில் விழுந்தது.

இந்தக் காருக்குத் தொழிற்சாலை கொடுத்த தோல், இருக்கையில் நாம் சாய்கிற பரப்பில்தான். கதவுக்கு வினைல். முன்பு வைத்திருந்த யாரோ ஆசைப்பட்டுக் கதவுக்கும் தோல் போட்டிருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் விளிம்பில் மடித்து ஒட்டிய தோல் காய்ந்து அப்பளம் மாதிரி ஆகிவிட்டது.

முதலில் கைப்பிடிகள். கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடியில் ஸ்க்ரூ எதுவும் தெரியாது. அடியில் இருக்கிற வட்ட வளையத்தை உள்ளே அழுத்தினால், ஸ்பிரிங் அமுங்கி, குறுக்கே ஒரு சின்ன பின் தெரியும். அதைத் தள்ளி எடுக்க வேண்டும். அழுத்த இரண்டு கை, தள்ள இன்னொரு கை. செட்டில் பாம்பு நாக்கு மாதிரி பிளந்த ஒரு நெம்பு உண்டு, பேனலைக் கதவோடு பிடித்திருக்கிற கிளிப்பைக் கவ்வுவதற்கு. அதைக் கைப்பிடிக்கு இரு பக்கமும் வருகிற மாதிரி வைத்து வளையத்தை அழுத்தினேன், சரியாக உட்கார்ந்தது. அந்த வீட்டு அம்மாவின் பின்னல் ஊசியால் பின்னைத் தள்ளினேன். செய்தவர்கள் நினைத்தே பார்க்காத இந்த வேலையில்தான் அந்த நெம்பு நன்றாக உழைத்தது!

கிளிப்புகளிடம் அது தோற்றுவிட்டது. இன்றைய கார்களில் தடித்த தண்டுள்ள பிளாஸ்டிக் கிளிப். நாக்கு அதைக் கவ்வும். இங்கே இருப்பது, தோலுக்கு அடியில் பேனலின் உடம்பாக இருக்கிற அட்டையில் மாட்டிய எஃகு ஸ்பிரிங் கிளிப், கதவுத் தகட்டின் துளையில் கவ்விக்கொண்டிருக்கும். அட்டைக்கும் தகட்டுக்கும் நடுவில் அவ்வளவு தடியான நைலான் நுழையவே இல்லை. பலமாகத் தள்ளியதில் முனை சுருண்டுகொண்டது.

கடைசியில் கைகொடுத்தது செட்டிலேயே மெல்லிய, அகலமான தட்டை நெம்பு. அதிலும் ஒரு தப்பு செய்தேன். முதல் தடவை முனை அட்டைக்குப் பின்னால் போகாமல், அட்டைக்கும் மடித்த தோலுக்கும் நடுவில் புகுந்துவிட்டது. ஒரு அங்குலம் ஒட்டு விட்டது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, டீ வேண்டுமா என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு விளிம்பை டார்ச் அடித்துப் பார்த்து, அட்டையின் முதுகைத் தொட்ட பிறகே நெம்பினேன். கிளிப் இருக்கிற இடத்துக்கு மிக அருகில் நெம்ப வேண்டும். தள்ளி நெம்பினால் கிளிப் அசையாது, அட்டைதான் வளையும். அப்படியும் கீழ் வரிசையில் ஒன்று அட்டையைப் பிய்த்துக்கொண்டு கதவிலேயே தங்கிவிட்டது. அங்கே அட்டை ஈரத்தில் ஊறி ரஸ்க் மாதிரி இருந்தது. இதற்கு நெம்பைக் குறை சொல்ல மாட்டேன். கதவுக்குள் இறங்குகிற மழைநீர் அட்டையில் படாமல் காக்க வேண்டிய பிளாஸ்டிக் தாள் கிழிந்து தொங்கியது. புதுத் தாள் ஒட்டாமல் பேனலைத் திருப்பி மாட்டினால் மறுபடி இதே கதைதான்.

நைலானின் பெருமை ஒன்று உண்டு: கதவு பெயின்டில் ஒரு கீறல் இல்லை. ஸ்க்ரூடிரைவரால் நெம்பியிருந்தால் நிச்சயம் விழுந்திருக்கும்.

11-இல் எனக்கு உதவியது 2. மீதி 9 உறையிலேயே இருக்கின்றன, என் 2016 ஹேட்ச்பேக்குக்கு ஆகலாம். பழைய கார்க்காரர்கள் அந்தத் தட்டை நெம்பு தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் வாங்குங்கள். 5-க்கு 3 நட்சத்திரம், அதில் ஒன்று பின்னல் ஊசிக்கு.