மணலா, களியா? ஒரு பாறை தேயும் இரண்டு வழிகள்

திருவையாற்றுப் படித்துறையில் ஒரு கை மணலை அள்ளி வெயிலில் பாருங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி இருப்பது குவார்ட்ஸ், தகடாய்ப் பளபளப்பது மைக்கா. இரண்டும் மேற்கே மலைப்பாறைக்குள் இருந்தவை.

பாறை தேய ஒரு வழி, உடைவது. வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும், விரிசலில் வேர் புகும், அப்புறம் ஆற்றில் உருண்டு மோதும். துண்டு சிறுக்குமே தவிர பொருள் மாறாது.

இன்னொரு வழி, மாறுவது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைத் தாக்கும்போது பொட்டாசியம், சோடியம் கரைந்து ஓட, மிஞ்சுவது களி. வல்லத்துச் செம்மண்ணின் நிறமும் இதே வகை வேலைதான்: இரும்பு துருவேறியது. குவார்ட்ஸ் மட்டும் இதற்கு எளிதில் மசியாது. அதனால்தான் மணலாக நம் கைக்கு வருகிறது.

நம்மைப் போன்ற வெப்பமும் மழையும் உள்ள ஊர்களில் இரண்டாவது வழிக்கே வேகம் அதிகம். டெல்டா அதற்குத்தான் கூடுதல் கடன்பட்டிருக்கிறது என்பேன். சேறடித்த வயலில் நீர் தேங்கி நிற்பது களியால்தான். வெறும் மணலில் குறுவை நாற்று ஒருநாள் தாங்காது. ஆனால் கோடையில் ஆற்றுக்கடியில் தண்ணீரைச் சேர்த்து வைப்பது மணல். அதை லாரி லாரியாக அள்ளிப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் மேலிருந்து வரும் மணலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது.