400 என்று ஒட்டி 600 ஸ்பைனை விற்றிருக்கிறார்கள்: கார்பன் அம்பு வாங்குபவர்கள் கவனிக்கவும்

இணையத்தில் டஜன் கணக்கில் கார்பன் அம்பு வாங்குபவர்கள் எல்லோரும் இதைப் பொறுமையாகப் படியுங்கள். நான் அப்படி வாங்கிய பன்னிரண்டில் ஐந்து ஏமாற்று அம்புகள். போன பணத்துக்காக எழுதவில்லை. அந்த அம்புகளில் ஒன்று வில்லிலேயே உடைந்திருந்தால் சிராய் முழுவதும் என் இடது கையில் ஏறியிருக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது 55 பவுண்டு இழுவையுள்ள காம்பவுண்ட் வில் (நுனிகளில் சக்கரம் வைத்த நவீன வில்). அம்பு நீளம் 29 அங்குலம், முனை 100 கிரெயின் (ஏறக்குறைய 6.5 கிராம்). இதற்கு அட்டவணைப்படி 400 ஸ்பைன் வேண்டும், ஸ்பைன் என்பது தண்டின் விறைப்பைக் காட்டும் எண். புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன்: தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள்மேல் வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட வேண்டும். 0.400 அங்குலம் தொய்ந்தால் அது 400 ஸ்பைன், 0.600 அங்குலம் தொய்ந்தால் 600. எண் கூடக் கூட விறைப்பு குறையும். 400 கேட்கிற வில்லில் 600-ஐ வைத்து எய்தால், நாண் தள்ளுகிற வேகத்துக்குத் தண்டு அளவுக்கு மீறி வளையும். குறி தப்புவது அதில் சின்ன விஷயம்.

விற்பனைக் குறிப்பில் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? முழுக் கார்பன், ஸ்பைன் 400, நேர்த்தன்மை ±0.003 அங்குலம், வேட்டைக்கும் பயிற்சிக்கும் ஏற்றது, எளிதில் உடையாது. பன்னிரண்டு அம்பிலும் நாக் (நாணில் மாட்டும் பின்முனைத் துண்டு) பக்கம் நான்கு அங்குலத்துக்குப் பளபளவென்று ராப் ஸ்டிக்கர், அதன்மேல் பெரிதாக 400. பார்க்க ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தது.

எய்து பார்த்தபோது சில அம்புகள் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுந்தன. மற்றவை வால் ஆட்டிக்கொண்டு போய் ஓரத்தில் குத்தின. விற்றவரிடம் கேட்டேன். "உங்க ரிலீஸ் சரியில்ல, பழகப் பழகச் சரியாயிடும்" என்றார். ரிலீஸ் என்றால் நாணை விடும் விதம். நான் ஒவ்வொரு அம்பின் இறகிலும் மார்க்கரால் எண் போட்டு, எந்த எண் எங்கே விழுகிறது என்று குறித்து வைத்தேன். ரிலீஸ் தப்பு என்றால் தப்பும் அம்பு ஆளுக்கு ஆள், முறைக்கு முறை மாற வேண்டும் இல்லையா? இங்கே திரும்பத் திரும்ப அதே ஐந்து எண்கள்தான் விலகின. என் வில்லை இன்னொருவர் வாங்கி எய்தபோதும் அதே ஐந்து. இந்த எண் போடும் வேலையை எந்த அம்பு வாங்கினாலும் செய்யுங்கள். யாரும் உங்கள் கையைக் குறை சொல்லி வாயை அடைக்க முடியாது.

அந்த ஐந்தில் ஒன்றை எய்வதற்கு முன் இரு கையாலும் பிடித்து லேசாக வளைத்தேன். ஸ்டிக்கருக்குச் சற்று முன்னால் 'கிரக்' என்று மெல்லிய சத்தம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. விளக்கின் கீழ் வைத்துத் திருப்பியபோதுதான் தண்டின் நீளவாக்கில் தலைமுடி போல ஒரு கோடு தெரிந்தது. பஞ்சை ஓட்டிப் பார்த்தேன், இரண்டு இடத்தில் நார் மாட்டிக்கொண்டு நின்றது.

பிறகு அம்புகளை வெந்நீரில் ஊறவைத்து ராப் ஸ்டிக்கர்களை உரித்தேன். ஏழு அம்பில் உள்ளே தொழிற்சாலை அச்சு ஒழுங்காக 400 என்று இருந்தது. அந்த ஐந்தில் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தடம், மங்கலான வட்டம். ஒன்றில் அவசரமாகத் தேய்த்திருக்கிறார்கள் போல, இரண்டு பூஜ்யமும் அவற்றுக்கு முன்னால் 6-இன் கீழ்ப் பாதியும் அப்படியே கிடந்தன. இதைத் தவறுதலாகக் கலந்துவிட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணைத் தேய்த்து அழித்த பிறகுதான் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள்.

இரண்டு மேசைக்கு நடுவே 28 அங்குலம் விட்டு, 880 கிராம் தொங்கவிட்டு அளந்தேன். ஏழும் 10 மில்லிமீட்டரை ஒட்டித் தொய்ந்தன, அதாவது 400. விரிசல் விட்டதைத் தவிர மற்ற நான்கும் 15-ஐத் தொட்டன. எடையும் காட்டிக் கொடுத்தது. நகை நிறுக்கும் சிறு தராசில் இரண்டு கூட்டத்துக்கும் இடையே 30 கிரெயின் வித்தியாசம், ஏறக்குறைய 2 கிராம். ஒரு நல்ல டஜனில் தண்டுக்குத் தண்டு இரண்டு மூன்று கிரெயினுக்குமேல் போகாது.

படங்களை அனுப்பியதும் விற்றவரின் பேச்சு மாறியது. முதலில் கல்லில் பட்டிருக்கும் என்றார். பிறகு ஸ்பைன் எண் எல்லாம் ஒரு தோராயம்தான் என்றார். கடைசியில், எய்த அம்பைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று முடித்துவிட்டார். ஆகவே வந்த பெட்டியை முதலில் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். வில்லில் வைப்பதற்கு முன்பே எடையையும் தொய்வையும் அளந்துவிடுங்கள். எய்யாத அம்பைத் திருப்பி வாங்க மறுக்க அவர்களுக்குச் சாக்கு கிடைக்காது. ஸ்டிக்கர் போட்ட அம்பு வேண்டவே வேண்டாம் என்பது இப்போது என் முடிவு. அழகு வேண்டுமென்றால் வெறும் தண்டு வாங்கி நாமே ஒட்டிக்கொள்ளலாம்.

இன்சர்ட்டும் (முனையைத் திருகி மாட்டத் தண்டுக்குள் ஒட்டும் துண்டு) இதே லட்சணம்தான். ஃபோம் டார்கெட்டிலிருந்து இழுத்தபோது முனையும் இன்சர்ட்டும் உள்ளேயே தங்கிவிட்டன, தண்டு மட்டும் கையோடு வந்தது. உள்சுவரைச் சொரசொரப்பாக்கித் துடைக்காமல் ஒரு துளிப் பசை விட்டிருக்கிறார்கள். மறுபடி ஒட்டுபவர்கள் எபாக்ஸி போடுங்கள். ஹாட் மெல்ட் (சூட்டில் உருகும் பசை) என்றால் முனையை மட்டும் சூடாக்குங்கள், தண்டில் தீ காட்டினால் கார்பனைப் பிடித்திருக்கும் ரெசின் கெட்டுவிடும்.

அலுமினியத் தண்டில் இந்த ஏமாற்று இவ்வளவு சுலபமில்லை. அதன் எண்ணை நாமே காலிப்பரில் சரிபார்க்கலாம். 2117 என்றால் வெளிவிட்டம் 21/64 அங்குலம், அதாவது 8.3 மில்லிமீட்டர், சுவர்த் தடிமன் 0.017 அங்குலம். அடிபட்டால் வளையும், கண்ணாடிமேல் உருட்டினால் வளைந்தது தெரிந்துவிடும். கார்பன் அப்படிக் காட்டிக் கொடுக்காது. நேராகவே இருக்கும், உள்ளே விரிசல் ஓடியிருக்கும், அடுத்த எய்தலில் நீளவாக்கில் பிளந்து வில் பிடித்த கையில் ஏறும். ஆதலால் ஒவ்வொரு முறையும் எய்வதற்கு முன் வளைத்துப் பாருங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தைவிட்டுத் தள்ளிப் பிடித்து, திருப்பித் திருப்பி வளையுங்கள். பிறகு இரு நுனியையும் எதிரெதிராக முறுக்குங்கள். சத்தம் வந்தாலோ தளர்வு தெரிந்தாலோ அந்த அம்பு முடிந்தது. நாக் துண்டில் கீறல் இருந்தால் உடனே மாற்றுங்கள், அது நாணில் பிளந்தால் அம்பே வைக்காமல் வெறும் நாணை இழுத்து விட்டது போலாகிவிடும்.

என்னை மிகவும் கோபப்படுத்தியது "வேட்டைக்கு ஏற்றது" என்ற வரி. சட்டம் அனுமதிக்கும் இடங்களில் வேட்டைக்குப் போகிறவர்கள் பிராட்ஹெட் (கூரிய தகடுகள் வைத்த வேட்டை முனை) மாட்டுவார்கள். அதன் தகடுகள் முன்னாலேயே காற்றைப் பிடிக்கும், பயிற்சி முனையில் விரலளவு விலகுகிற அம்பு அப்போது எங்கோ போகும். விலங்கு சாகாமல் காயத்தோடு ஓடும். உள்ளே உடைந்தால் கார்பன் சிராய் இறைச்சியில் தங்கும், அதைத் தின்பவர் வாய்க்குப் போகும். முழு அம்பின் எடையும் முக்கியம். ஒரு பவுண்டு இழுவைக்கு 5 கிரெயினுக்குக் கீழே எந்த வில்லிலும் போகக் கூடாது, 55 பவுண்டுக்கு 275 கிரெயின். வேட்டை அம்பு அதைவிட நன்றாகவே கனமாக இருக்க வேண்டும்.

பணம் செலுத்திய தளத்தில் அளவுகள், படங்கள், உரையாடல் எல்லாவற்றையும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை, அதே செட் இப்போதும் விற்பனையில் இருக்கிறது. பெரிய எண் போட்ட ராப்புடன் வந்த அம்பு உங்களிடம் இருந்தால் இன்றே ஒன்றை உரித்துப் பாருங்கள். தேய்த்த தடம் இருந்தால் எய்யாதீர்கள், யாருக்கும் கொடுக்கவும் கொடுக்காதீர்கள். விரிசல் கண்டதை டேப் சுற்றி, முகக்கவசம் போட்டுக்கொண்டு இரண்டாக அறுத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் யாராவது பொறுக்கி வில்லில் ஏற்றுவார்கள்.