மூன்று வருடப் பிரீமியம் எகானமி: தூக்கத்தைக் கெடுப்பது கால்தான்

போன வாரம் நண்பன் போன் செய்தான். "14 மணி நேர ஃபிளைட், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். பிரீமியம் எகானமி போடலாமா? நீதான் அதில் அடிக்கடி போகிறாயே, தூக்கம் வருமா?" என்று கேட்டான். பிரீமியம் எகானமி என்பது சாதாரண எகானமிக்கும் பிசினஸ் வகுப்புக்கும் நடுவில் இருக்கும் வகுப்பு. ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

வேலைக்காக வருடத்துக்கு நாலைந்து தடவையாவது 10 மணி நேரத்துக்கு மேலான இரவு விமானத்தில் ஏறுகிறேன். இந்த மூன்று வருடத்தில் பாதிக்கு மேல் பிரீமியம் எகானமி, மிச்சம் சாதாரண எகானமி. என் உயரம் 5 அடி 6 அங்குலம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கீழே வரும் புகார் முழுக்க உயரத்தைப் பொறுத்தது. ஆறடிக்காரர் ஒருவர் இதே சீட்டைப் பற்றி வேறு கதை சொல்லலாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எகானமியில் பிட்ச் பெரும்பாலும் 31 அங்குலம் சுமார், பிரீமியத்தில் 38. பிட்ச் என்பது முழங்கால் இடம் மட்டும் அல்ல. ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரை உள்ள தூரம். அந்த ஏழு அங்குலம் உட்கார்ந்ததுமே தெரிகிறது. முன்னால் இருப்பவர் சாய்ந்தாலும் மடிக்கணினி மூடிக்கொள்வதில்லை. போயிங் 777-இல் எகானமி வரிசையில் இப்போது பெரும்பாலும் பத்துப் பேர். அதே அகலத்தில் பிரீமியத்தில் எட்டுப் பேர். பக்கத்து ஆளின் முழங்கையோடு இரவு முழுவதும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. சாப்பிட, படிக்க, படம் பார்க்க இதைவிட நல்ல சீட் அந்த விலைக்கு அருகில் எதுவும் கிடையாது.

ஆனால் நண்பன் கேட்டது தூக்கத்தைப் பற்றி.

விளக்கை அணைத்ததும் சாய்மானத்தை முழுசாகத் தள்ளுகிறேன். கெண்டைக்காலுக்கு அடியில் இருக்கும் கால் தாங்கியை மேலே ஏற்றுகிறேன். முதல் பத்து நிமிடம் சொர்க்கம். அப்புறம் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வழுக்க ஆரம்பிக்கிறது. முதுகைப் பின்னால் சாய்த்தால் இடுப்பு முன்னால் போகத்தான் பார்க்கும்; சாதாரணமாக உட்காரும்போது அதைத் தடுத்து நிறுத்துவது தரையில் ஊன்றிய பாதம். கால் தாங்கியை ஏற்றிய அடுத்த நொடி பாதம் அந்தரத்தில். தடுக்க எதுவும் இல்லை. அரை மணி நேரத்தில் இடுப்புக்கும் முதுகுப்பலகைக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி, சீட் பெல்ட் அடிவயிற்றிலிருந்து ஏறி விலாவில், முகவாய் நெஞ்சில். விழித்து, இரண்டு கைப்பிடியையும் அழுத்தி, மேலே ஏறி உட்கார வேண்டும். கண் மூடியதும் மறுபடி அதே கதை. கால் தாங்கியின் விளிம்போ கெண்டைக்காலின் நட்ட நடுவில் முடிகிறது. குதிகால் தொங்குவதால் அந்த விளிம்பு சதையில் பதிந்து கால் மரத்துப்போகிறது. முன் சீட்டின் அடியில் மடித்து வைத்திருக்கும் பாதக் கம்பியை நான் சாய்ந்தபடியே நீட்டினால் கட்டைவிரல் நுனி மட்டும்தான் தொடும்.

ஒரு பயணத்தில் அல்ல, வேறு வேறு நிறுவனங்களின் சீட்களில் இதையே அனுபவித்திருக்கிறேன். அதனால்தான் இது என் உடம்பின் பிரச்சினை மட்டும் இல்லை என்று அடித்துச் சொல்கிறேன். பிசினஸ் வகுப்பிலும் முழுசாகக் கிடைமட்டம் ஆகாமல் சரிவாக நின்ற பழைய படுக்கை சீட்களைப் பற்றி இதே வழுக்கல் புகார்தான் வந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000-இல் பிசினஸ் வகுப்பிலும் முழுத் தட்டையான படுக்கையைக் கொண்டுவந்த பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக அந்த வழிக்கு வந்தார்கள். பிரீமியம் எகானமிக்கு அந்தச் சிந்தனை இன்னும் வந்து சேரவில்லை.

போன மாதம் நடந்தது என் பொறுமையைத் தீர்த்தேவிட்டது. 13 மணி நேரப் பயணம், ஒரு சீட்கூட காலி இல்லை. என் கால் தாங்கி மேலே ஏறும், ஆனால் நிற்காது. காலை வைத்தால் இரண்டு நிமிடத்தில் மெல்ல இறங்கித் தொங்கிவிடும். பணிப்பெண் வந்து மண்டியிட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, மூன்று தடவை முயன்றார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இறங்கியதும் புகார் எழுதினேன். மன்னிப்பு கேட்டு நாலு வரி பதில் வந்தது. தூங்குவதற்கென்றே கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு நாலு வரி.

ஆனால் அன்றைக்குத்தான் ஒன்று பிடிபட்டது. கால் தாங்கி வேலை செய்யாததால் பாதம் தரையிலேயே இருந்தது. ஸ்வெட்டர் திணித்த என் கைப்பையைப் பாதத்துக்கு அடியில் போட்டேன். முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயர்ந்தது. சாய்மானத்தையும் முழுசாகத் தள்ளாமல் முக்கால் அளவோடு நிறுத்தினேன். வழுக்கல் நின்றுவிட்டது. ஒரே மூச்சில் மூன்று மணி நேரத் தூக்கம், மூன்று வருடத்தில் அந்த வகுப்பில் எனக்குக் கிடைத்த மிக நீண்ட தூக்கம் அதுதான். சந்தோஷப்பட வேண்டியவன் எரிச்சலோடு இறங்கினேன். பையும் பாதமும் போதும் என்றால் அதை எகானமியிலேயே செய்துவிடலாமே.

அடுத்தது தலை. கனவு காணும் கட்டத்தில் கழுத்துத் தசைகள் முழுசாகத் தளர்ந்துவிடும். தாங்கல் இல்லாவிட்டால் தலை தொங்கி, அந்த உதறலில் விழிப்பு வந்துவிடும். எகானமி ஜன்னல் சீட்டில் சுவர் தோளோடு ஒட்டி இருக்கும். போர்வையை நாலாக மடித்துச் சுவரோடு வைத்தால் போதும். பிரீமியம் ஜன்னல் சீட்களில் பலவற்றில் கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறார்கள். தலை சுவரை எட்டாது. மடக்கும் இறக்கைகள் கொண்ட தலைச்சாய்வு உண்டுதான், ஆனால் என் தலை பாரத்துக்கு அது மெல்ல விரிந்துகொடுத்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரீமியத்தில் உணவுத் தட்டு கைப்பிடிக்குள்ளேயே இருப்பது வழக்கம், அதனால் கைப்பிடி தூக்க வராது. எகானமியில் அதிர்ஷ்டம் இருந்து பக்கத்தில் இரண்டு சீட் காலியாக அமைந்தால் கைப்பிடிகளைத் தூக்கிவிட்டுப் படுத்தே விடலாம். எனக்கு இரண்டு முறை அமைந்தது. ஏர் நியூசிலாந்து 2011-லேயே மூன்று எகானமி சீட்களைச் சோபா மாதிரி மாற்றி, ஸ்கைகவுச் என்ற பெயரில் விற்க ஆரம்பித்துவிட்டது.

வகுப்பு மாறினாலும் காற்று மாறாது, இதைப் பலர் யோசிப்பதில்லை. பழைய விமானங்களில் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாகும் வரை குறையும். போயிங் 787-இலும் ஏர்பஸ் ஏ350-இலும் அது 6,000 அடி அளவோடு நிற்கும். வறட்சியும் சற்றுக் குறைவு. என் அனுபவத்தில், பழைய விமானத்தின் பிரீமியத்தில் தூங்கி எழுந்ததைவிட ஏ350 எகானமியில் எழுந்தபோது தலை லேசாக இருந்தது. டிக்கெட் போடுமுன் எந்த விமானம் என்று பார்ப்பதற்குக் காசு கிடையாது, கட்டாயம் பாருங்கள். தூக்கம் வரட்டும் என்று மது குடிப்பதும் வேண்டாம். ஜெர்மனியில் செய்த ஒரு ஆய்வு 2024-இல் வெளியானது: 8,000 அடி அளவுக் காற்றழுத்தத்தில் மது குடித்துவிட்டுத் தூங்கியவர்களுக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியது, இதயத் துடிப்பு ஏறியது. ஆரோக்கியமான இளைஞர்களுக்கே அப்படி.

சரி, நண்பனுக்கு நான் சொன்ன பதில். அம்மாவுக்கு முழங்கால் வலி, அவருக்குப் பிரீமியம்தான், அதிலும் நடைபாதை ஓரம். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தே போனால் காலில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இலேயே சொல்லியிருக்கிறது. யாரையும் எழுப்பாமல் எழுந்து நடக்க வசதி வேண்டும். அவருக்கும் கால் தாங்கி வேண்டாம், அடியில் ஒரு பை. நீயும் பக்கத்திலேயே உட்கார், ஏன் என்று கேட்காதே.

எனக்கு? இவ்வளவு புகழ்ந்த பிறகும், தூக்கத்துக்காக மட்டும் என்றால், இன்றைய நிலையில் என் பதில் வேண்டாம் என்பதுதான். அடுத்த மாதப் பயணத்துக்கு எகானமி போட்டாயிற்று. இடது பக்க ஜன்னல், ஏனென்றால் நான் இடப்பக்கம் தலை சாய்த்தால்தான் தூங்குவேன். கடைசி வரிசை இல்லை, அங்கே பல விமானங்களில் சீட் சாயாது. போர்வைக்கு மேலே தெரியும்படி பெல்ட் போட்டுக்கொள்வேன், விமானம் குலுங்கும்போது யாரும் தட்டி எழுப்ப மாட்டார்கள். ஸ்வெட்டர் திணித்த பை இப்போதே தயார்.