1111-லிருந்து அட்டைக்கு: ஒரு லேடெக்ஸ் பிளான்டில் பாஸ்வேர்டு அனுபவம்

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு லேடெக்ஸ் பிளான்டில் எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்ட் இரண்டும் என் பொறுப்பு. தோட்டத்திலிருந்து வரும் ரப்பர் பாலில் உலர் ரப்பர் 30 சதவீதம் அளவில் இருக்கும். அதை சென்ட்ரிஃபியூஜில் சுற்றி 60 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, கெட்டுப்போகாமல் அம்மோனியா சேர்த்து, டேங்கரில் ஏற்றி விடுவது எங்கள் தொழில். இதை ஓட்ட, மோட்டாரையும் வால்வையும் இயக்கும் சின்னக் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்களான சில பிஎல்சிகள், அவற்றுக்கு ஆபரேட்டர் கட்டளை கொடுக்க பேனல் கதவில் எச்எம்ஐ என்ற தொடுதிரை, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்த்துப் பதிவுசெய்ய கன்ட்ரோல் ரூமில் ஒரு ஸ்காடா கம்ப்யூட்டர். இங்கெல்லாம் பாஸ்வேர்டை எப்படிக் காக்கிறோம், வருஷக்கணக்கில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று இதே தொழிலில் இருக்கும் சிலர் கேட்டார்கள். எங்கள் சாஃப்ட்வேர் எந்தக் கம்பெனியுடையது என்று சொல்லப் போவதில்லை. எந்தக் கம்பெனி சரக்கானாலும் கதை ஏறக்குறைய இதுதான்.

நான் பொறுப்பேற்றபோது எச்எம்ஐ பாஸ்வேர்டு 1111. பேனல் செய்து தந்தவர்கள் வைத்தது, அப்படியே கிடந்தது. திரையில் எண் பலகை வரும் இடத்தில் 1-க்கு மேல் இருந்த பிலிம் மட்டும் தேய்ந்து வெள்ளை பூத்திருக்கும். பாஸ்வேர்டு தெரியாதவன்கூட வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தால் கண்டுபிடித்து விடலாம். எங்கள் மலையடிவாரத்தில்தான் இந்த லட்சணம் என்று நினைக்க வேண்டாம். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து அலிக்விப்பா ஊர்க் குடிநீர் அமைப்பில் யூனிட்ரானிக்ஸ் பிஎல்சி ஒன்றை வெளியாட்கள் கைப்பற்றினார்கள். அதன்பின் அந்நாட்டு அரசு விடுத்த எச்சரிக்கையின் முதல் அறிவுரையே 1111 என்ற ஆரம்பப் பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்பதுதான்.

எங்களிடம் ஹேக்கர் யாரும் வரவில்லை. தலைவலி வேறு பக்கம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அம்மோனியா டோசிங்கின் செட்பாயின்ட்டை, அதாவது எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று வைத்த அளவை, யாரோ குறைத்துவிட்டார்கள். அம்மோனியா குறைந்தால் பாலில் கிருமி பெருகும், பால் கெடுவதைக் காட்டும் விஎஃப்ஏ எண் ஏறும், வாங்குகிறவர் டேங்கரைத் திருப்பி அனுப்புவார். அப்படியே நடந்தது. ஸ்காடா பதிவேட்டைத் திறந்தால் மாற்றிய நேரம் நொடி சுத்தமாக இருந்தது. மாற்றியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆபரேட்டர்’. மூன்று ஷிப்டிலும் எல்லாரும் ஆபரேட்டர்தான்.

முதலாளி உடனே ஆளுக்கொரு பாஸ்வேர்டு போடச் சொன்னார். எட்டு எழுத்து, பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, மாதத்துக்கு ஒருமுறை மாற்றம். ஸ்காடாவில் இதற்கெல்லாம் டிக் பெட்டி இருக்கிறது, டிக் போட்டோம். பேனல் கதவின் உள்பக்கம் மார்க்கரால் நாலு பேர் பெயரும் பாஸ்வேர்டும் வரிசையாக ஏற ரொம்ப நாள் ஆகவில்லை. மாதம் மாறியதும் கடைசி எண்ணை மட்டும் அடித்து அடுத்த எண்ணை எழுதினார்கள். ஆபரேட்டர்களில் மூத்தவர், நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர், நேராகவே கேட்டார்: “சாரே, கை நெறைய பாலு. கிளவுஸக் கழத்திட்டு பெரிய எழுத்து, சின்ன எழுத்துன்னு எங்க போயி தேடுதது?”

அவர் கேட்டது நியாயம். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-ல் வெளியிட்ட கடவுச்சொல் வழிகாட்டியே, காரணமில்லாமல் குறித்த நாளுக்கொரு தடவை மாற்றச் சொல்லாதீர்கள் என்கிறது. மாற்றச் சொன்னால் ஆட்கள் இப்படித்தான் கடைசி எண்ணை மாற்றுவார்கள் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக்கென்று அவர்கள் போட்ட தனி வழிகாட்டி இன்னொரு விஷயமும் சொல்கிறது: பதற்ற நேரத்தில் ஆபரேட்டருக்குப் பாஸ்வேர்டு நினைவுக்கு வராமல் போகலாம், மூன்று தடவை தப்பினால் பூட்டு என்ற ஆபீஸ் விதியை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஆபத்து.

அதன்பின் தலைகீழாக யோசித்தோம். எங்கெல்லாம் பாஸ்வேர்டே தேவையில்லை என்று முதலில் ஒதுக்கினோம். திரையைப் பார்க்க லாகின் வேண்டாம். அலாரத்தை ஏற்க வேண்டாம், மோட்டாரை நிறுத்தவும் வேண்டாம். அவசர நிறுத்த பட்டன் தனி ஒயரிங்கில் போகிறது, அதற்கும் சாஃப்ட்வேருக்கும் சம்பந்தமே கிடையாது. செட்பாயின்ட்டை மாற்ற மட்டும் அவரவர் அட்டையை ரீடரில் காட்ட வேண்டும். டோசிங்கின் மேல் வரம்பு, கீழ் வரம்பை மாற்ற சூப்பர்வைசர் அட்டையோடு பின் நம்பரும் வேண்டும். ஐந்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் தானே வெளியேறும். அந்த மார்க்கர் எழுத்தை நாங்கள் யாரும் அழிக்கச் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் ஒருவரும் அதைப் பார்ப்பதை விட்டார்கள்.

அட்டை விஷயத்தில் சாதகம், பாதகம் இரண்டும் உண்டு. முதலில் வாங்கிய ரீடர் சீக்கிரமே செத்தது. அம்மோனியா காற்றில் செம்பும் பித்தளையும் தாங்காது. கழற்றிப் பார்த்தால் யுஎஸ்பி முனை முழுக்க நீலப்பச்சைக் களிம்பு. இப்போது ரீடரைப் பேனலுக்குள் வைத்து முன்னால் அக்ரிலிக் தகடு போட்டிருக்கிறோம். தகடு வழியாகவே அட்டையைப் படிக்கிறது. விலை குறைந்த 125 கிலோஹெர்ட்ஸ் அட்டையைச் சந்தையில் கிடைக்கும் சின்னக் கருவியால் நகல் எடுக்கலாம், அதனால் 13.56 மெகாஹெர்ட்ஸ் அட்டைக்கு மாறினோம். அதிலும் பழைய மைஃபேர் கிளாசிக் வகையின் பூட்டை 2008-லேயே உடைத்துவிட்டார்கள். வாங்கும்போது வகையைக் கேளுங்கள், கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்பார். அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. கூட இருப்பவன் அட்டையைக் கடன் வாங்குவதும் நடக்கும். ஆனாலும் பதிவேட்டில் ஒரு பெயர் விழுகிறது, தன் பெயர் விழும் என்று தெரிந்ததும் அட்டையைக் கொடுக்கிறவன் ஒரு நொடி யோசிக்கிறான்.

ஆபரேட்டர் பாஸ்வேர்டை விட எனக்குத் தூக்கம் கெடுத்தது பிஎல்சி பாஸ்வேர்டு. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வீசியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ரப்பர் மரங்கள் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் பழைய டோசிங் பிஎல்சியின் புரோகிராம் பேட்டரியை நம்பி நினைவில் நிற்பது. பேட்டரி அந்த இடைவெளியில் தீர்ந்துவிட்டது. கரண்ட் வந்தபோது பிஎல்சி வெறும் டப்பா. புரோகிராமைத் திரும்ப ஏற்றலாம் என்றால் புராஜெக்ட் ஃபைலுக்குப் பாஸ்வேர்டு. அதை வைத்த இன்ஜினியர் பேனல் கம்பெனியை விட்டே போய்விட்டார், கம்பெனிக்காரர்களுக்கும் தெரியவில்லை. பழைய பிரதி ஒன்றை எங்கிருந்தோ தேடி அவர்கள் அனுப்பும்வரை வால்வைக் கையால் திருகிக்கொண்டிருந்தோம். பாஸ்வேர்டு திருடு போவதற்குச் சமமான ஆபத்து அது தொலைந்துபோவதிலும் இருக்கிறது. பாதுகாப்பு பற்றி எழுதுகிறவர்கள் இதை அதிகம் எழுதுவதில்லை.

அந்தச் சமயம் கோணம் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன், “மக்கா, அன்லாக் சாஃப்ட்வேர் கெடைக்கும், ரெண்டு நிமிஷ வேலை” என்றான். நல்லவேளை, எங்கள் மாடலுக்குக் கிடைக்கவில்லை. 2022-ல் தொழிற்சாலைக் கணினிப் பாதுகாப்பைப் பார்க்கும் டிராகோஸ் நிறுவனம் அப்படி ஒரு கருவியை ஆராய்ந்து வெளியிட்டது. ஆட்டோமேஷன் டைரக்ட் கம்பெனியின் டைரக்ட்லாஜிக் பிஎல்சிக்கானது. பாஸ்வேர்டை எடுத்துத் தருவது உண்மைதான், கூடவே கம்ப்யூட்டரில் சாலிட்டி என்ற வைரஸையும் இறக்கிவிடும். சமூக ஊடகங்களில் ‘பிஎல்சி அன்லாக்’ என்று விளம்பரம் வந்தால் கடந்து போய்விடுங்கள்.

ஒக்கிக்குப் பிறகு பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் கீபாஸ் என்ற சாஃப்ட்வேரை வைத்தோம். இலவசம், இன்டர்நெட் தேவையில்லை, எல்லாப் பாஸ்வேர்டும் பூட்டிய ஒரே ஃபைலில். பிஎல்சி, எச்எம்ஐ புராஜெக்ட், ஸ்காடா நிர்வாகி, நெட்வொர்க் சுவிட்ச், டேட்டாபேஸ் எல்லாம் அதில் ஏறின. ஃபைல் இன்ஜினியரிங் லேப்டாப்பிலும் மேனேஜர் ரூம் பீரோவில் இருக்கும் பென்டிரைவிலும் இருக்கிறது. மாஸ்டர் பாஸ்வேர்டு ஒரு நீளமான வாக்கியம். அதைக் காகிதத்தில் எழுதி, உறையில் ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு அதே பீரோவில், வேறு லாக்கரில். இத்தனை வருஷத்தில் எனக்கு ரொம்பத் திருப்தி தந்த ஏற்பாடு இதுதான். ஒரு குறை: 2023-ல் கீபாஸில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். கம்ப்யூட்டர் நினைவகத்திலிருந்து முதல் எழுத்து நீங்கலாக மாஸ்டர் பாஸ்வேர்டை மீட்க முடிந்தது, 2.54 பதிப்பில் சரிசெய்தார்கள். நெட்டில் இல்லாத லேப்டாப்பில் புதுப்பிப்பு வந்த சேதியே வராது. யாராவது நாள் குறித்து வைத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்காடா சாஃப்ட்வேர் பாஸ்வேர்டைத் தனக்குள் எப்படி வைத்திருக்கிறது என்பதைப் பார்க்கும் வழி சுலபம். பேக்கப் ஃபைலை நோட்பேடில் திறந்து தேடுங்கள். எங்கள் பழைய பதிப்பில் எழுத்துக்கு எழுத்து கிடைத்தது. பேக்கப் பென்டிரைவ் கை மாறினால் பாஸ்வேர்டும் கை மாறியது என்று அர்த்தம். புதிய பதிப்பில் திரும்பப் பெற முடியாத ஹாஷாக மாற்றி வைக்கிறார்கள், விண்டோஸ் கணக்கோடும் இணைக்கலாம். ஆனால் சாஃப்ட்வேருக்குள்ளேயே தைத்த பாஸ்வேர்டு இருந்தால் நம் கையில் எதுவும் இல்லை. 2010-ல் தொழிற்சாலைகளைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் வைரஸ் நுழைந்தபோது சீமென்ஸின் ஸ்காடா சாஃப்ட்வேரான வின்சிசியின் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அப்படித்தான் இருந்தது. அதை மாற்றினால் ஓட்டம் பாதிக்கும், மாற்றாதீர்கள் என்று கம்பெனியே சொல்ல வேண்டியதாயிற்று.

பக்கத்து மாவட்டத்துக் கூடங்குளத்தில் 2019-ல் நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டரில் மால்வேர் இருந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலை நெட்வொர்க் தனியாக இருந்ததால் அங்கே பாதிப்பில்லை என்றது. அந்தச் சேதியைக் காட்டித்தான் பில் போடும் கம்ப்யூட்டரையும் ஸ்காடாவையும் ஒரே சுவிட்சிலிருந்து பிரிக்க எனக்கு அனுமதி கிடைத்தது. பிரித்தது வீண்போகவில்லை, ஏனென்றால் எங்கள் பிஎல்சிகள் பேசுவது மோட்பஸ். 1979-ல் வந்த அந்த நெறிமுறையில் பாஸ்வேர்டு என்ற பேச்சே கிடையாது. எச்எம்ஐயில் எத்தனை அட்டை தேய்த்தாலும், அதே கேபிளில் லேப்டாப்பைச் செருகுகிறவனை மோட்பஸ் யாரென்று கேட்காது. பேனலுக்கு நல்ல பூட்டு வாங்கிப் போட்டது இதற்காகத்தான்.

அந்தப் பழைய டோசிங் பிஎல்சி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இலை உதிர்ந்து பால்வெட்டு நிற்கும் பிப்ரவரி, மார்ச்சில் மாற்றிவிடலாம் என்று முதலாளி சம்மதித்து, கொட்டேஷனும் வந்தாயிற்று. பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: புராஜெக்ட் மூல ஃபைலும் எல்லாப் பாஸ்வேர்டும் எழுத்தில் ஒப்படைத்து, எங்கள் லேப்டாப்பில் திறந்து காட்டிய பிறகே கடைசித் தவணை. ஒரு கம்பெனி இதற்கு விலையை ஏற்றிவிட்டது. இன்னொன்று இன்னும் பதில் சொல்லவில்லை.